வளைவுதோறும் ஒரு விரல்

எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால் உங்கள் ஊரில் என்ன அர்த்தமோ, எனக்குத் தெரியாது. ஏற்காட்டு மலையில் வருசக்கணக்காக ஜீப் ஓட்டிய எனக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: உன் வண்டியில் ஏதோ கோளாறு. டயரில் காற்று இல்லை, பின்கதவு திறந்து கிடக்கிறது, காப்பி மூட்டை சரிந்து தொங்குகிறது, இல்லாவிட்டால் மேலே மரம் விழுந்திருக்கிறது, காட்டெருமை நிற்கிறது. மலைப்பாதையில் யாரும் சும்மா கை காட்டுவதில்லை. அதனால் அயர்லாந்துக்கு வந்து, மறுபடியும் முதலிலிருந்து லைசன்ஸ் எடுத்து, ஒரு பழைய காரில் முதன்முதலாகக் கிராமத்துச் சாலையில் போன அன்றைக்கு, எதிரே வந்த டிராக்டர்காரர் விரலைத் தூக்கியதும் ஓரங்கட்டி இறங்கினேன். நாலு டயரையும் உதைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஒரு அம்மா, அவரும் ஒரு விரல். மறுபடி இறங்கினேன். டிக்கி மூடித்தான் இருந்தது. அடுத்து ஒரு பால் வண்டி. நான் குனிந்து வண்டிக்கு அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பின்சீட்டிலிருந்து என் மனைவி ஷமீம் கண்ணாடியை இறக்கி, “ஏனுங்க, அந்த டயரு நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் காத்து எறங்கிப் போச்சு. வந்து உக்காருங்க” என்றாள்.

மறுநாள் நான் டிரைவராகச் சேர்ந்திருந்த பஸ் டிப்போவில் கேட்டேன். கூட வேலை பார்க்கிற டிரைவர் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அது ஹலோவாம். தெரிந்தவர், தெரியாதவர் என்று கிடையாதாம். கையை முழுசாகத் தூக்கினால் அதிகப்படி, கண்டுகொள்ளாமல் போனால் மரியாதைக் குறைச்சல். ஆள்காட்டி விரல் மட்டும் ஸ்டியரிங்கை விட்டுக் கொஞ்சம் எழும்ப வேண்டும், அவ்வளவுதான். ஏற்காட்டில் எங்கள் ஒண்டிக்கடை முக்கில் ஒருத்தரைப் பார்த்தால், எங்கே போறீங்க, சாப்ட்டாச்சுங்களா, பையனுக்கு ஜுரம் விட்டுச்சா, மிளகு என்ன விலைக்குப் போட்டீங்க என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னால் வந்த பஸ் நின்றுவிடும். இவர்கள் அத்தனையையும் ஒரு விரலுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். கஞ்சத்தனமான வணக்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த விரல்தான் பின்னால் என் மகனுக்கு ஒரு ஊரையே கட்டிக் கொடுத்தது. அதைச் சொல்லத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகன் பெயர் யாசிர். பதினான்கு வயது. ஆட்டிசம். பேச்சு மிகக் கொஞ்சம். ‘அத்தா’ என்பான், ‘தா’ என்பான், பிடிக்காத சட்டையைப் போட்டுவிட்டால் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடுவான். இவை தவிர அவனுக்கென்று ஒரு சொல் உண்டு: ‘பாம்’. ஜீப் ஹாரன் சத்தம் அது. கைக்குழந்தையாக இருந்தபோது எதற்கும் அடங்காத அழுகை, ஜீப்பில் போட்டு வளைவில் திரும்பினால் அடங்கும். சேலத்திலிருந்து ஏறுகிற பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்துத்தான் திரும்ப வேண்டும், எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. அவன் வளைவு வருவதற்கு முன்னாலேயே ‘பாம்’ என்பான், நான் அடிப்பேன், அவன் சிரிப்பான். மலைக்குள் இருக்கிற மாரமங்கலத்திலிருந்து என் ஜீப்பில் வழக்கமாக வரும் விவசாயி பொன்னான், “பாய், உங்க ஊட்டுப் பையன் வாயத் தொறந்தா மத்த டிரைவருங்க எல்லாம் லைசன்ஸக் குடுத்துட்டுப் போயிரலாங்க” என்பார்.

ஒண்டிக்கடையில் எங்கள் அண்ணன் பழக்கடை வைத்திருக்கிறார். யாசிர் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும், போகிற வருகிற அத்தனை பேரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். டீ மாஸ்டர் அவனுக்கென்று பாலை ஆற்றி ஆற்றி நுரையை மட்டும் கிளாசில் விட்டுத் தருவார். கண்டக்டர் விசிலை அவன் காதுக்கு எட்டாத தூரத்தில் போய் ஊதுவார். இதையெல்லாம் சொல்கிறபோது நம் ஊரைப் பொன்னாலே செய்தது மாதிரி நினைத்துவிடாதீர்கள். அதே ஆட்கள்தான் ஷமீமின் முகத்தைப் பார்த்து, “யாரு கண்ணு பட்டுச்சோ, ஒரு தாயத்துக் கட்டிப் பாத்தீங்களாம்மா?” என்று பஸ் ஸ்டாண்டில் சத்தமாகக் கேட்பார்கள். கல்யாண வீட்டில் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், “புள்ளைய ஊட்லயே உட்டுட்டு வந்திருக்கலாமே” என்று பந்தியிலேயே சொல்வார்கள். மலையில் அவனுக்குத் தோதாக ஒரு பள்ளிக்கூடம் எங்களுக்கு வாய்க்கவில்லை. சேலத்துக்கு இறங்கி ஏறியே வாரம் ஓடியது. ஷமீம் நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்தது. கிளம்பிவிட்டோம்.

புது ஊரில் எல்லாம் இருந்தது. வீட்டு வாசலுக்கே சின்ன பஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்தில் அவன் கையைப் பிடித்து எழுத வைக்க ஒருத்தர், பேச வைக்க ஒருத்தர். கடையில் அவன் தரையில் படுத்துக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், சுற்றிக்கொண்டு நாசூக்காகப் போய்விடுவார்கள். முதல் மாதம் அது எனக்குச் சொர்க்கம் மாதிரி இருந்தது. ஆறாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷமீம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “அங்க எல்லாரும் கேட்டாங்க, நமக்கு வலிச்சுது. இங்க யாருமே கேக்கலை. இவம் பேரு என்னன்னுகூட ஒரு ஆளு கேக்கலீங்க.” அவளே முடித்தாள். “அடுத்த கோடை லீவுக்குள்ள நம்மளத் தவிர, பள்ளிக்கூடத்து ஆளுங்களத் தவிர, இந்த ஊர்ல ஒருத்தராச்சும் இவனைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். இல்லீன்னா டிக்கெட்டப் போடுங்க. நாளைக்கு நாம இல்லாட்டி இவனை யாருன்னே தெரியாத ஊர்ல உட்டுட்டா போறது?”

இதற்கு நான் என்ன செய்வது? நான் படித்தது பத்தாவதோடு சரி. என் இங்கிலீஷ் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் பொறுக்கியது. அதிலும் அடி வாங்கினேன். ஏறும்போது ஒவ்வொருத்தரும் “ஹவ் ஆர் யூ?” என்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு அம்மாவுக்கு ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, மகன் சரியாகத் தூங்கவில்லை, பல் வலி, ஊரில் மழை இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பயந்துபோய் முன்சீட்டிலேயே உட்கார்ந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கும்போது என் தோளைத் தட்டி, “காட் ஹெல்ப் யூ” என்றார். எல்லாரும் கேட்கிறார்கள், யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு. யாசிரை முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போவேன். எங்கள் டவுனுக்கு வெளியே ஒரு சாலை. இரண்டு பக்கமும் அடுக்குக் கல் சுவர், சுவருக்குமேல் முள்வேலிச் செடி, ஒரு வண்டி மட்டுமே போகிற அகலம், எதிரே வருவது தெரியாத வளைவு வளைவாக மேட்டில் ஏறும். எப்போதும் பனிமூட்டம். கல் சுவரை மறந்துவிட்டுப் பார்த்தால், எங்கள் மலையின் இன்னொரு பக்கம் இறங்குகிற குப்பனூர் பாதைதான். முதல் வளைவு வந்ததும் இவன் “பாம்” என்றான். என் கை தானாகப் போய் ஹாரனை அழுத்தியது. அடுத்த வளைவு, “பாம்”, அழுத்தினேன். வருசக்கணக்கான பழக்கத்துக்கு எந்த நாடு என்று தெரியுமா? அந்த ஊரில் ஹாரன் என்பது திட்டுவதற்குச் சமானம். பிரேதம் போனாலும் பின்னால் சத்தமில்லாமல் நிற்பார்கள். நான் அந்தச் சாலை முழுக்க, வாராவாரம், வளைவுக்கு வளைவு ‘பாம் பாம்’ என்று அடித்துக்கொண்டு போயிருக்கிறேன். இவன் சிரித்த சிரிப்பில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு வாரம் யாசிருக்கு ஜுரம், நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை, முதல் வளைவில் இருக்கிற வீட்டு வாசலில் ஒரு அம்மா நின்று இரண்டு கையையும் நீட்டி வண்டியை மறித்தார். மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், சிவந்த முகம். பெயர் மோரா என்று பிறகு தெரிந்தது. செத்தோம் என்று இறங்கினேன்.

“ஹாரன் அடிக்கிற ஆள் நீங்கள்தானா?”

“சாரி மேடம். நொம்ப சாரி. எங்க ஊர் மலை. அங்கே சட்டம். பழக்கதோஷம். இனி இல்லை” என்று எனக்குத் தெரிந்த சாரி எல்லாவற்றையும் கொட்டினேன்.

“போன வாரம் ஏன் வரவில்லை?”

நான் முழித்தேன். திட்டுகிறவர் வராததற்கும் சேர்த்தா திட்டுவார்?

“அங்கே பாருங்கள்” என்று ஜன்னலைக் காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு பையன், யாசிரைவிட இரண்டொரு வயது பெரியவன், தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் மகன் கீயன். பிறவியிலேயே கையும் காலும் அவன் சொன்ன பேச்சு கேட்காது. “ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையிலேயே ஜன்னலுக்குப் போக வேண்டும் என்பான். உங்கள் ஹாரன் கேட்டால் அந்த நாள் முழுக்க அவனுக்குக் கொண்டாட்டம். போன வாரம் நீங்கள் வரவில்லை. சாப்பிடக்கூட ஜன்னலை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டான். அடுத்த தடவை வராவிட்டால் எனக்குச் சொல்லிவிட்டு வராமல் இருங்கள்!”

எங்கள் ஊர்க்காரன் இதற்குமேல் வாசலில் நிற்பானா? வாங்க என்று அவர் சொன்னாரா என்றுகூட ஞாபகம் இல்லை. உள்ளே போய்விட்டோம். யாசிர் யாரையும் பார்க்கவில்லை, நேரே போய்க் கீயனின் நாற்காலிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்ப ஆரம்பித்தான், ஜீப் ஸ்டியரிங் மாதிரி. நாற்காலி முன்னும் பின்னும் ஆடியது. நான் பதறி இழுக்கப் போனேன். மோரா என் கையைப் பிடித்துவிட்டார். “விடுங்கள். அவனை எல்லாரும் முட்டையைத் தூக்குவதுபோலத்தான் தூக்குகிறார்கள். யாரும் இப்படி விளையாடினதில்லை.” யாசிர் “பாம்” என்றான். கீயன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தான். அது சிரிப்பு என்று அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்படித்தான் ஆரம்பித்தது. கூட்டம் போட்டோ, சங்கம் வைத்தோ இல்லை. இரண்டாவது வளைவில் மஞ்சள் கேட் போட்ட வீட்டில் பிரேசில் நாட்டுக் குடும்பம். அந்த அம்மா லூசியானா இறைச்சிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் மகள் இசபெலாவுக்கு டவுன் சிண்ட்ரோம், ஏழு வயது, பார்க்கிற யாரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கும். மோரா அவர்களை வருசக்கணக்காகப் பார்த்து விரல் தூக்கியிருக்கிறார், பேசினதில்லை. “என்ன பேசுவது என்று தெரியவில்லை” என்றார். “இது ஒரு கேள்விங்களா?” என்று ஷமீம் ஒரு டிபன் பாக்ஸ் நிறையக் குழிப்பணியாரத்தோடு போய் மஞ்சள் கேட்டைத் தட்டினாள். லூசியானாவுக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எங்களுக்கும் அரைகுறை, இரண்டு அரை சேர்ந்து நன்றாகவே ஓடியது. அவர் பதிலுக்குச் சுடச்சுடச் சீஸ் உருண்டை கொடுத்தனுப்பினார். நம் பணியாரத்துக்குப் பெரியம்மா மகள் மாதிரி இருந்தது. ஒரு சனிக்கிழமை எங்கள் வீடு, ஒன்று மோரா வீடு, ஒன்று லூசியானா வீடு என்று ஆயிற்று. வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கக் கூடாது என்பது லூசியானா போட்ட ஒரே கட்டளை. “சுத்தமான வீட்டைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது” என்றார். பிள்ளைகள் ஒரு அறையில், நாங்கள் ஒரு அறையில், நடுவில் கதவு திறந்தே இருக்கும். அழுகிற பிள்ளைக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் போவார். அவ்வளவுதான் எங்கள் சங்கம்.

ஒரு நாள் மோராவும் லூசியானாவும் ஒரே நேரத்தில் உதவி கேட்டார்கள். மோராவுக்கு ஆஸ்பத்திரி, லூசியானாவுக்கு ஓவர்டைம். யார் பிள்ளையை யார் பார்ப்பது என்று ஒருவர் மாற்றி ஒருவர், நீங்கள் முதலில், இல்லை நீங்கள் என்று மரியாதை பார்த்துக்கொண்டே நேரத்தை ஓட்டினார்கள். நான் எங்கள் மலைச் சட்டத்தைச் சொன்னேன். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கும் இறங்குகிற வண்டிக்கும் இடம் போதாவிட்டால், இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். ஏறுகிறவர் நின்றுவிட்டால் மறுபடி வண்டியைக் கிளப்புவது சிரமம். “யாருக்கு இந்த வாரம் ஏத்தமோ அவங்களுக்கு மத்தவங்க ஒதுங்கணும். இதுல கூச்சம் எதுக்கு?” என்றேன். மோரா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நம் மூன்று வீடுமே எப்போதும் ஏறிக்கொண்டுதானே இருக்கிறோம்? அப்புறம் யார் ஒதுங்குவது?” என்றார். அது நியாயமான கேள்வி. “வாராவாரம் பாத்துக்கலாங்க” என்றேன். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் ஏத்தம் அதிகம் என்று முடிவானது. லூசியானா ஓவர்டைமை விட்டுவிட்டு, கீயனுக்குப் பிரேசில் பாட்டுப் பாடிக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இந்த மூன்று வீட்டுக்குள் யாசிருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஷமீமின் கணக்கில் அது பாதிதான். “ஒரே கூரைக்குக் கீழ நிக்கற ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுறது பெரிசில்லீங்க. ஊரு கூப்பிடணும்” என்றாள். கோடை லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அப்போதுதான் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். அங்கே அவரைக் கார்டா என்பார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசினார், டீ குடித்தார், பணியாரம் எப்படிச் செய்வது என்று விசாரித்தார். எழுந்து போகும்போதுதான், வாசல்படியில் நின்று, விஷயத்துக்கு வந்தார். மூன்றாவது வளைவில் டாம் என்று ஒரு பெரியவர் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். மாடுகள் கன்று போடுகிற காலம். ஹாரன் சத்தத்தில் மிரள்கின்றன. “அந்த ஹாரனைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் நன்றாயிருக்கும்” என்றார். இதைச் சொல்ல முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட அவருடைய பண்பை என்ன சொல்வது? எங்கள் ஊராக இருந்தால் டாமே வந்து, “யோவ், என்னய்யா நெனச்சுக்கிட்டிருக்கிற?” என்று நடு ரோட்டில் சட்டையைப் பிடித்திருப்பார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் டீ குடித்திருப்போம்.

கன்றுக்குட்டிமேல் எனக்கென்ன கோபம்? அந்தச் சனிக்கிழமை ஹாரன் அடிக்காமல் போனேன். முதல் வளைவு. “பாம்” என்றான். நான் சாலையைப் பார்த்தபடி திருப்பினேன். அவன் என் கையைப் பார்த்தான். “பாம்.” இன்னும் சத்தமாக, “பாம்.” நான் அடிக்கவில்லை. தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான், நெற்றியைக் கண்ணாடியில் முட்டினான். வண்டியை எப்படியோ திருப்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த சனிக்கிழமை செருப்பைப் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்தவன், ஏறாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். அவனுக்கு அந்தச் சாலை செத்துவிட்டது. ஷமீம் சேலத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிற ஒரு அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். டிக்கெட் பார்க்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மோரா போன் செய்தார். “நாளைக்குக் காலையில் வாருங்கள். எல்லாரும் வாருங்கள். ஹாரன் வேண்டாம். சும்மா ஓட்டிக்கொண்டு வாருங்கள்” என்றார். எதற்கு என்று கேட்டேன். “வளைவில் மெதுவாக வாருங்கள்” என்று வைத்துவிட்டார்.

யாசிரை ஏற்ற ஷமீமும் நானும் பட்டபாட்டைச் சொல்லப்போவதில்லை. அவன் முன்சீட்டில் காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். முதல் வளைவுக்கு முன்னால் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. திரும்பினேன். மோரா வீட்டு வாசலில், ரோட்டை ஒட்டி, கம்பளியும் பிளாஸ்டிக் உறையும் போர்த்தி, தூறலில் கீயன் நாற்காலியில் இருந்தான். மோரா பின்னால் நின்றார், தொடவில்லை. அவன் கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து நடுங்கி நடுங்கி எழும்பியது. ஐந்து விரலையும் மடக்க முடியாத அந்தக் கையில் ஒரு விரல் மட்டும் எப்படியோ தனியாக நிமிர்ந்தது. “யாஸ்ஸர்!” என்று மோரா கத்தினார். யாசிர் காதிலிருந்து கையை எடுத்தான். இரண்டாவது வளைவில் மஞ்சள் கேட்மேல் ஏறி நின்று இசபெலா பத்து விரலையும் ஆட்டியது, “யாசீ!” என்று லூசியானா கேட்டைத் தட்டினார்.

மூன்றாவது வளைவு டாமுடைய பண்ணை. அங்கே ஒன்றும் இருக்காது என்று வேகமாகத் திருப்பப் பார்த்தேன். கேட்டோரம் கையில் தீவன வாளியோடு, முகத்தில் ஒரு துளி சிரிப்பில்லாமல், டாம் நின்றுகொண்டிருந்தார். மோரா போய் அவரிடம் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டி பக்கத்தில் வந்ததும் வாளியைக் கீழே வைத்தார். ஒரு விரல். “குட் மேன், யாசர்” என்றார். அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

நாலாவது வளைவில் யாரும் இல்லை. சுவர்மேல் ஒரு ஆடு நின்று எங்களைப் பார்த்தது. யாசிர் தன் கையைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தான். மற்ற விரல்களை இன்னொரு கையால் ஒவ்வொன்றாக மடக்கினான். மிச்சமிருந்த விரலை அந்த ஆட்டுக்குத் தூக்கிக் காட்டினான். “பாம்” என்றான், மெதுவாக, ரகசியம் சொல்வது மாதிரி. பின்சீட்டில் ஷமீம் முந்தானையில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. “டிக்கெட்ட ரிட்டர்னோட போடுங்க” என்றாள்.

அந்த ரிட்டர்ன் டிக்கெட்டில்தான் லீவுக்கு ஏற்காட்டுக்கு வந்திருக்கிறோம். ஆடிச் சாரல், ஒண்டிக்கடை முழுக்க ஈரச் சணல் சாக்கு வாசனை. அண்ணன் கடையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யாசிரின் விரல் இங்கே பெரிய பேச்சாகிவிட்டது. “தம்பி எதைக் காட்டுது?” என்று மேலே பார்க்கிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள். டீ மாஸ்டர், “ஒரு டீயா கண்ணு?” என்று ஒரு கிளாசை நீட்டிவிட்டார். போன வாரம் பொன்னான் வந்தார். அயர்லாந்துச் சனிக்கிழமைக் கதை முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, காப்பியை வைத்துவிட்டு, “எங்க ஊட்லயும் ஒரு பேத்தி இருக்குதுங்க பாய். செல்வின்னு. நடக்க வராது. பன்னெண்டு வயசு. ஊட்ட உட்டு வெளிய வந்ததில்லீங்க” என்றார். வருசக்கணக்காக என் ஜீப்பில் என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனுசர், ஒரு நாள்கூட வாய் திறந்து சொன்னதில்லை. “ஏனுங்க இத்தனை நாளாச் சொல்லலை?” என்றேன். “நீங்க கேக்கலீங்களே. இந்த ஊர்ல எல்லாங் கேப்பாங்க, அதை மட்டும் கேட்டதில்லை. ஏனுங்க பாய், அந்தச் சனிக்கெழமை அந்த ஊருக்கு மட்டுந்தானுங்களா?”

நேற்று சனிக்கிழமை. அண்ணனுடைய ஜீப்பை எடுத்துக்கொண்டு மாரமங்கலம் போனோம். செல்வியைப் பொன்னான் தூக்கிவந்து, பின்சீட்டில் ஷமீமுக்குப் பக்கத்தில், தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்து, தானும் ஏறிக்கொண்டார். முன்னால் யாசிர். குப்பனூர் இறங்கி, சுற்றிக்கொண்டு, சேலத்துப் பாதையில் மேலே ஏறினோம். அந்தப் பிள்ளை அத்தனை வளைவையும் வாயைத் திறந்தபடி பார்த்தது. பாதி மலையில் ஒரு திருப்பத்தில், இறங்கி வந்த பஸ் எங்களைப் பார்த்து மரியாதையாக நின்று வழிவிட்டது. யாசிர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரு விரலைத் தூக்கினான். பஸ் டிரைவர் முகம் மாறிவிட்டது. ஹேண்ட்பிரேக்கைப் போட்டார், குதித்து இறங்கினார், முன்டயரை உதைத்தார், பின்டயருக்கு ஓடினார்.

“ஏனுங்க, எந்தப் பக்கங்க? பஞ்சருங்களா? ஒண்ணுந் தெரியலையே!”

நான் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பொன்னான்தான் தலையை நீட்டினார். “பஞ்சரெல்லாம் இல்லீங்க டிரைவரு. தம்பி உங்களுக்கு வணக்கஞ் சொல்லுது.”

“ஒத்த வெரல்லயா?”

“அந்த ஊர்ல அவ்வளவுதானுங்களாம்.”

டிரைவர் யாசிரை மேலும் கீழும் பார்த்தார். “நல்லாருக்குதே இது. கைக்கு நோவே இல்லை. பேரு என்ன சாமி?” என்றார். யாசிர் பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து, அதுவரை யாரிடமும் பேசாத செல்வி, “யாசிரு” என்றது. டிரைவர் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை, என்னவோ பட்டாபிஷேகம் மாதிரி, மெதுவாகத் தூக்கினார்.

அதற்குள் பஸ்ஸுக்கு மேலே லாரியும் காரும் வரிசை கட்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. எங்களுக்குக் கீழேயும் ஒரு வேன், இரண்டு பைக். மலை முழுக்க ஹாரன். நான் கியரைப் போடுவதற்குள் யாசிர் சாய்ந்து, வலது கையால் என் ஸ்டியரிங்கில் இருந்த ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டான். இடது கை ஜன்னலுக்கு வெளியே, தூறலில் நனைந்தபடி, ஒரு விரல் மட்டும் நிமிர்ந்து இருந்தது. இரண்டில் எதையும் அவன் விடவில்லை. அப்படியே திருப்பத்தை எடுத்து மேலே ஏறினோம்.